யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய மீனவக் கிராமத்தின் வரலாறும் அன்றாட வாழ்க்கையும் எப்படி இருக்கும்?

என் பெற்றோரின் ஊர் மயிலிட்டி. அந்த ஊரை வைத்தே பதில் சொல்கிறேன். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் பரவைக்கடல் தொழில், அதாவது ஆழம் குறைந்த களப்பில் மீன்பிடி. அங்கத்தைய கதை வேறு. மயிலிட்டி வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் நடுவில் இருக்கிறது.

1990க்கு முன்னர் வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் அதுவும் ஒன்று. பின்னேரம் வெளிக்கிடும் வள்ளங்கள் இரவு வலை விட்டு, விடியப்புறம் திரும்பும். அதற்குப் பிறகுதான் கரையில் வேலை. வலையிலிருந்து மீனைக் கழற்ற வேண்டும், இனம் பிரிக்க வேண்டும், ஏலம் கூறி விற்க வேண்டும். அறக்குளா, பாரை எல்லாம் ஐஸ் போட்டு லொறியில் கொழும்புக்குப் போகும். சூடையும் கும்பளாவும் சைக்கிள் பெட்டியில் உள்ளூருக்கு. எண்ணெய்ச் செலவு கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு, போன ஆட்களுக்குப் பங்கு. வீட்டுக் கறிக்கு எடுத்த மீனை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பகலில் ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்துவார்கள், பெண்கள் கருவாடு காயவைப்பார்கள். வாடைக்காற்று தொடங்கினால் வடகரைக் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் பல நாள் கரையில் கிடக்கும். அந்த நாட்களில் கடையில் கடன் ஏறும்.

இதெல்லாம் எந்த மீனவ ஊரிலும் இருப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்கு ஊர் மாறுவது கடல் அறிவு. நடுக்கடலில் கல் எங்கே, சேறு எங்கே என்று எப்படித் தெரியும்? கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தைப் பிடிப்பார்கள். பிறகு வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் வலை. காங்கேசன்துறை வெளிச்சவீடு, சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி, கோயில்கள், உயரமான பனை, எல்லாம் இப்படிப் பயன்பட்டவைதான். எழுதிவைத்த வரைபடம் எதுவும் கிடையாது. அப்பா தன் அப்பாவோடு வள்ளத்தில் போய்ப் பழகினார், அவ்வளவுதான்.

1990 யூன் மாதம் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம், சனம் உள்ளே போகமுடியாது. மல்லாகம், பருத்தித்துறைப் பக்கங்களில் முகாம்களிலும் இரவல் காணிகளிலும் சனம் 27 வருடங்கள் இருந்தது. வேறு ஊரின் கரையில் தொழில் செய்வது லேசான காரியமில்லை. வள்ளம் இழுத்துவைக்க இடம் கேட்டு நிற்க வேண்டும், அந்த ஊர்க்காரர் வலை விடும் இடத்தில் விடமுடியாது. போதாததற்குப் போர்க்காலத்தில் கடற்றொழிலுக்கே தடை, நேரக் கட்டுப்பாடு, கடலுக்குப் போக பாஸ் எனும் அனுமதிச் சீட்டு. ஒரு தலைமுறை கூலிவேலைக்கும் மேசன் வேலைக்கும் போய்விட்டது. என் பார்வையில் வீடு இடிந்ததைவிடப் பெரிய இழப்பு இதுதான். வீட்டைக் கட்டிவிடலாம், கடல் தெரிந்த கிழவர்கள் முகாமிலேயே செத்துப்போனார்கள்.

2017 யூலையில் துறைமுகப் பகுதியை விடுவித்தார்கள். ஊரின் எல்லாக் காணியும் அப்போது வரவில்லை, இன்றும் அதற்காகப் போராட்டம் நடக்கிறது. திரும்பிப் போனவர்களில் இளம் ஆட்கள் இப்போது ஜீபிஎஸ் வைத்துத் தொழில் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்திய றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், வரும் இரவுகளில் வலை விடவே பயம். விட்டால் காலையில் அறுந்த துண்டுதான் மிஞ்சும், சில வேளை அதுவும் இல்லை. அடிமட்டத்தை வாரி இழுக்கும் அந்த முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வருவது மட்டும் நின்றபாடில்லை. வருகிற தொழிலாளிகளும் நாட்கூலிக்கு வருகிற தமிழர்கள்தான், அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. றோலர் முதலாளிகள் மீது இருக்கிறது.

பிடிபட்ட றோலர்களை மயிலிட்டித் துறைமுகத்திலேயே கொண்டுவந்து கட்டுகிறார்கள். வெளிமாவட்டங்களின் பெரிய பலநாள் படகுகளும் அங்கேதான் நிற்கின்றன. ஊர்ச் சிறு வள்ளங்களுக்கு இடம் தட்டுப்பாடு. தங்களுக்கென்று துறைமுகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கித் தரும்படி ஊரவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.