ஓடுபாதையைக் கடல் மூடும் ஊர்

கேள்வி: ஸ்காட்லாந்தில் இரண்டே நிமிடத்தில் முடியும் விமானப் பயணம் இருக்கிறதாமே? விளம்பரத்துக்காக விடுகிறார்களா?

பதில்: விளம்பரம் இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது பஸ் மாதிரி. ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரேயும் பாப்பா வெஸ்ட்ரேயும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். இந்தத் தடம் 2.7 கிலோமீட்டர். 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் இங்கே பறக்கிறது. அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கும். காற்று தோதாக அமைந்த ஒரு நாளில் 53 நொடியில் போயிருக்கிறார்கள்.

முப்பது வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் இதில் ஏறுவதற்காகவே ஆர்க்னி போனேன். எட்டுப் பேர் உட்காரும் ஐலாண்டர் விமானம். துணை விமானி, பணிப்பெண் யாரும் கிடையாது. விமானியே திரும்பிப் பார்த்து, எல்லாரும் பெல்ட் போட்டாயிற்றா என்று கேட்டார். எனக்கு அவர் பக்கத்து இருக்கை கிடைத்தது. சக்கரங்களை உள்ளே மடக்கும் ஏற்பாடே இந்த விமானத்தில் இல்லை. இவ்வளவு சின்னப் பறத்தலுக்கு அது எதற்கு? தரையை விட்டு எழும்பியதுமே, இறங்க வேண்டிய திடல் கண்ணாடிக்கு நேரே தெரிந்தது. பின் இருக்கையில் ஓர் ஆசிரியை, மடியில் மாணவர்களின் நோட்டுக் கட்டு. ஜன்னல் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கேள்வி: இதை ஆரம்பித்தது யார்?

பதில்: வில்லி லோகன் என்ற கட்டட ஒப்பந்தக்காரர். தம் நிறுவன வேலைக்காக 1962இல் ஒரே ஒரு பைப்பர் ஆஸ்டெக் என்ற சிறு விமானத்தோடு, வாடகை டாக்சி போல லோகன்ஏரைத் தொடங்கினார். டே ஆற்றின் சாலைப் பாலத்தைக் கட்டியதும் அவர் நிறுவனம்தான். 1966 ஆகஸ்டில் பாலம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதே வருடம் ஜனவரியில், வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த விமானம் இன்வர்னெஸ் அருகே விழுந்து இறந்துபோனார். அதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

கேள்வி: எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனால் கட்டுப்படியாகுமா?

பதில்: டிக்கெட் காசில் மட்டும் ஆகாது. ஆர்க்னியின் உள் தீவுத் தடங்களுக்கு அங்கத்திய கவுன்சில் ஒப்பந்தம் போட்டு மானியம் தருகிறது. பாப்பா வெஸ்ட்ரேயில் இருப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. லாபம் வந்தால்தான் விமானம் என்று சொல்லியிருந்தால் அந்தத் தீவுக்கு விமானமே இருந்திருக்காது. மக்கள் வரிப்பணத்தை இதற்குச் செலவழிப்பதுதான் நியாயம் என்பேன்.

பெரிய தடங்களில் கதை வேறு. லோகன்ஏர்காரர்கள் 1994 முதல் 2008 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயரிலும், அப்புறம் 2017 வரை ஃப்ளைபீ என்ற இன்னொரு விமான நிறுவனத்தின் பெயரிலும் பறந்தார்கள். பிறகுதான் சொந்தப் பெயரும், வாலில் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணியின் கோலமும். 2020 மார்ச்சில் ஃப்ளைபீ திவாலானதும், அதன் 16 தடங்களை இவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி: கடற்கரை மணலில் விமானம் இறங்குமா?

பதில்: ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள பாரா தீவில் லோகன்ஏர் விமானம் அப்படித்தான் இறங்குகிறது. 1936 முதல் அங்கே கடற்கரைதான் விமான நிலையம். முக்கோணமாக மூன்று ஓடுபாதைகள், முனைகளில் மரக் கம்பங்கள், அவ்வளவுதான். கடல் ஓதம் ஏறி நீர்மட்டம் உயர்ந்தால் மூன்றும் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் கால அட்டவணையே ஓதத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். கிளாஸ்கோவிலிருந்து வருவது 19 பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் விமானம். இப்போதுள்ள விமானங்களை ஸ்காட்லாந்து அரசே வாங்கிக் கொடுத்திருக்கிறது.

என் தொழில் புத்தி மணலைவிட உப்பைத்தான் கவனித்தது. சக்கரம் வாரியடிக்கும் உப்புத் தண்ணீர் வயிற்றுப் பகுதியிலும் பிரேக்கிலும் ஆணி இடுக்கிலும் போய் உட்காரும். நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து உதிரத் தொடங்கும். பறக்கிற நேரத்துக்குக் குறையாத உழைப்பு இந்தக் கழுவலில் இருக்கிறது. அந்த வேலை செய்பவர்களை யாரும் படம் எடுப்பதில்லை, அது எனக்கு வருத்தம்.

ஆபத்தான நோயாளிகளை ஏற்றிப்போகும் ஆம்புலன்ஸ் விமானங்களையும் 1967 முதல் 2006 வரை லோகன்ஏர் ஓட்டியது. பாராவில் வழக்கமான விமானம் பகலில் மட்டும்தான். ராத்திரியில் யாருக்காவது உயிர் போகிற நிலை என்றால், மணலில் ஒளி திருப்பும் பட்டைகளை விரித்து, வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு வைப்பார்கள். அந்த வெளிச்சத்தில்தான் விமானம் இறங்கும்.