ஜூனியர் யூரோவிஷனில் பிரான்சுக்காகப் பாட எங்கே விண்ணப்பிப்பது?

கேள்வி: என் மகள் 2015 ஏப்ரலில் பிரான்சில் பிறந்தவள். ஐந்து ஆண்டுகளாகக் கர்நாடக சங்கீதம் பயில்கிறாள். ஐரோப்பாவின் சிறுவர் பாட்டுப் போட்டியான ஜூனியர் யூரோவிஷனில் பிரான்ஸ் சார்பாகப் பாட ஆசைப்படுகிறாள். எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? இன்னும் பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்கவில்லை, அது தடையா? தமிழில் பாட விடுவார்களா? (ஒரு தாய், லா கூர்நெவ்)

பதில்: படிவம் நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் போட்டி அல்ல இது, குறைந்தபட்சம் பிரான்சில் அல்ல. இதில் பங்குபற்றுவது அரசாங்கமும் அல்ல. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தில் அங்கம் வகிக்கும் தொலைக்காட்சி நிறுவனங்களே தங்கள் நாட்டின் பெயரில் பிள்ளைகளை அனுப்புகின்றன. பிரான்சில் அந்த நிறுவனம் பிரான்ஸ் தெலெவிசியோன். அயர்லாந்தின் டிஜி4 இதற்கென்றே தொலைக்காட்சித் தொடர் நடத்தி, ஐரிஷ் மொழியில் பாடவைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறது. பிரான்சில் அண்மை ஆண்டுகளில் பாடகரும் பாட்டும் நிறுவனத்துக்குள்ளேயே முடிவாகி, அதன்பிறகுதான் அறிவிப்பு வெளிவருகிறது. பார்க்கப் போனால் அந்த வழி அவர்களுக்கு நன்றாகவே பலித்திருக்கிறது. 2004இல் ஒரே ஒரு முறை வந்து ஆறாம் இடம் பெற்ற பிரான்ஸ், 2018இல் மின்ஸ்கில் திரும்பி வந்து இரண்டாம் இடம் பிடித்தது. 2020, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வென்றது.

குடியுரிமை பற்றிய கவலை வேண்டாம். அந்த நாட்டுக் குடியுரிமை, அல்லது இரண்டு ஆண்டு வதிவிடம், இரண்டில் ஒன்று போதும் என்பதே போட்டியின் விதி. மகள் பிறந்ததிலிருந்து இங்கேதானே இருக்கிறாள்.

வயதில்தான் பெற்றோர் தவறு விடுகிறார்கள். 9 முதல் 14 வரை என்ற எல்லை 2016இல் வந்தது. இறுதிப் போட்டி நடக்கும் அன்று என்ன வயது என்பதே கணக்கு. உங்கள் மகள் ஏப்ரலில் பிறந்தவள் என்பதால் சிக்கல் இல்லை: 2029 போட்டி வரை அவளுக்கு வாய்ப்பு உண்டு, 2030இல் இல்லை. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ பிறந்த பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. மத்ரித்தில் 2024 போட்டி நவம்பர் 16இல் நடந்தது. பாரிசில் 2021 போட்டி டிசம்பர் 19இல் நடந்தது. இந்த ஒரு மாத வித்தியாசம் சில பிள்ளைகளுக்கு ஒரு முழு ஆண்டு வாய்ப்பைக் கொடுக்கும், சிலரிடமிருந்து பறிக்கும்.

தமிழில் பாடுவதைப் பற்றி: பாட்டில் குறைந்தது 60 சதவீதம் அந்த நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். பாட்டின் நீளம் இரண்டரை நிமிடத்துக்குக் குறையாமல், மூன்று நிமிடத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஏட்டுக் கணக்கில் ஒரு நிமிடம் 12 விநாடி வரை தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் பாட்டை எழுதுவது நீங்களோ மகளோ அல்ல. பிரான்சின் 2019, 2020, 2022 ஆண்டுப் பாடல்களில் பாடகியும் பாடலாசிரியருமான பார்பரா பிராவியின் பங்கு இருந்தது. அவரே 2021இல் பெரியவர்களுக்கான யூரோவிஷனில் இரண்டாம் இடம் பெற்றவர். அத்தகைய எழுத்தாளர்கள் ஒரு பிள்ளையின் குரலுக்கு அளவெடுத்துப் பாட்டைத் தைக்கிறார்கள். ஆகவே உங்களிடம் சொந்தப் பாட்டு இருக்கிறதா என்பதை விட, மகளின் குரல் தயாரிப்பாளர்களின் காதில் விழுந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

காதில் விழ வைக்கும் வழி தொலைக்காட்சி. 2018இல் மின்ஸ்க் போன அஞ்சலினா, அதற்கு முந்தைய ஆண்டு டிஎஃப்1 என்ற தனியார் தொலைக்காட்சியின் 'தி வாய்ஸ் கிட்ஸ்' பாட்டுப் போட்டியில் வெற்றியாளர். 2022இல் வென்ற லிசாந்திரோவும் 2023இல் வென்ற சோயியும் அதே மேடையில் பாடியவர்கள். 2020இல் வென்ற வாலந்தீனா 'கிட்ஸ் யுனைட்டட்' சிறுவர் குழுவிலிருந்து வந்தவர். தனக்குப் போட்டியான டிஎஃப்1இன் கூட்டைத் தேடித் தேடி பிரான்ஸ் தெலெவிசியோன் குஞ்சு பிடிக்கிறது என்று சிரிக்கலாம். உங்களுக்கு அது வழிகாட்டி. 'தி வாய்ஸ் கிட்ஸ்' தேர்வுக்குக் கட்டணம் கிடையாது. "யூரோவிஷனுக்கு அனுப்பிவைக்கிறோம்" என்று பதிவுப் பணம் கேட்கும் எவரிடமும் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள்.

தேர்வுக்கு அனுப்பும் காணொளியில் அரங்கேற்ற மண்டபமும் மிருதங்கமும் வேண்டாம். அங்கே குரல் மண்டபத்தின் எதிரொலியில் கரைந்து போயிருக்கும். கனத்த திரைச்சீலை உள்ள அறையில், கைபேசியை ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தி, பின்னணி இசையை வேறொரு ஒலிபெருக்கியில் குரலை மூடாத அளவுக்கு ஓடவிட்டு, ஒரே மூச்சில் பதிவு செய்யுங்கள். பிரெஞ்சில் இரண்டு பாட்டு: ஒன்று மெதுவானது, ஒன்று துள்ளலானது. ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம் போதும். எதிரொலி சேர்க்கும் செயலிகளைத் தொடாதீர்கள். சுருதியைத் திருத்திய குரல் என்ற சந்தேகம் வந்தாலே காணொளி ஒதுக்கப்படும்.

இனி சங்கீதப் பயிற்சி. அது பெரிய பலம். சுருதி சுத்தமும் தாளக் கட்டுப்பாடும் அவளுக்கு ஏற்கனவே வந்திருக்கும். ஆனால் மூன்று இடங்களில் இடறும். முதலாவது, கமகம். ஸ்வரத்தை அசைக்காமல் நீட்ட வேண்டிய வரி முடிவுகளில், பழக்கத்தால் குரல் தானாக அசையும். தம்புராவை வைத்துக்கொண்டு ஒரே ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கைக்கு அசைவின்றிப் பிடிக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டும். இரண்டாவது, உச்சம். 5 கட்டைச் சுருதியில் பாடும் பிள்ளைக்குத் தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி, மத்திமமும் பஞ்சமமும் வரும் இடத்தில்தான் இத்தகைய பாடல்களின் உச்சம் பெரும்பாலும் அமையும். கச்சேரியில் அதைத் தொட்டு இறங்கிவிடலாம். இங்கே அங்கேயே நின்று, சொற்களைத் தெளிவாக உச்சரித்து, முழுக் குரலில் பாட வேண்டும். கழுத்து நரம்பு புடைத்தால், தாடை முன்னே தள்ளினால், பாட்டை ஒரு ஸ்வரம் இறக்குங்கள். கத்திப் பழக்கினால் குரல் நாணில் முடிச்சு விழும். அது ஆற மாதங்கள் ஆகும்.

மூன்றாவது, கால்கள். சப்பணமிட்டுப் பாடிய பிள்ளைக்கு நடன அசைவோடு பாடுவது முற்றிலும் வேறு வேலை. போட்டியில் முதன்மைக் குரல் நேரடியாகவே ஒலிக்க வேண்டும். வாத்தியங்கள் பதிவிலிருந்து வரும். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்க முடியாது. அவளை நடந்துகொண்டே பாட்டின் சொற்களைப் பேசச் சொல்லுங்கள். பிறகு நடந்துகொண்டே பாடச் சொல்லுங்கள். அதன் பிறகே அசைவுகளைச் சேருங்கள். ஒலியை மட்டும் பதிவு செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். எந்த வரியின் கடைசி எழுத்து விழுங்கப்படுகிறதோ அங்கே மூச்சுத் திட்டம் தவறு. ஒரு காதில் மட்டும் கேட்பொறியை (இயர்போன்) மாட்டிப் பாடவும் பழக்குங்கள். இரண்டு காதும் அடைபட்டால் பல பிள்ளைகள் தம் குரல் கேட்காமல் சுருதி ஏறிவிடுகிறார்கள்.

தேர்வாகிவிட்டால் காகித வேலை தொடங்கும். பிரான்சில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை தொழில்முறை நிகழ்ச்சியில் பாட, முன்கூட்டியே மாவட்ட நிர்வாகமான பிரெஃபெக்தூரின் அனுமதி வேண்டும். விண்ணப்பிப்பது தயாரிப்பாளரின் கடமை. ஆனால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பாடசாலை விவரம், மருத்துவரின் சான்று எல்லாம் உங்களிடமிருந்தே போக வேண்டும். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் மற்றவரின் கையொப்பத்துக்கே வாரக்கணக்கில் இழுபடும். அதை முதல் வேலையாக முடியுங்கள். ஊதியத்தில் பெற்றோர் கைக்கு எவ்வளவு வரலாம் என்பதை அனுமதி வழங்கும் குழு தீர்மானிக்கும். மீதி 'கெஸ் தே தெப்போ' என்ற அரச நிதி நிறுவனத்தில் மகளின் பெயரில் இருக்கும். 18 வயதானதும் அவளே போய் எடுத்துக்கொள்வாள்.