எலி கடித்த வயரிங்: காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் என்ன செய்யலாம்?

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். ஊருக்குச் சென்றிருந்த சில வாரங்களில், கீழ்த்தளத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் நிறுத்தியிருந்த காரின் என்ஜின் வயரிங்கை எலிகள் கடித்துவிட்டன. பழுதுபார்க்க 68,000 ரூபாய் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் மதிப்பீடு கொடுத்துள்ளனர். முழுக் காப்பீடு இருந்தும், "இது விபத்து அல்ல, மின்பழுது" என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. குடியிருப்புச் சங்கமும் கைவிரித்துவிட்டது. நான் யாரிடம் இழப்பீடு கேட்பது? மீண்டும் இப்படி நேராமலிருக்கக் கார் நிறுத்துமிடத்தில் எலி மருந்து வைக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதியை எடுத்துப் படியுங்கள். தீ, திருட்டு, வெள்ளம், கலவரம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஆபத்துகளுக்கு நடுவே, தற்செயலான புறக்காரணத்தால் ஏற்படும் சேதம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். உங்கள் உரிமை அந்த வரியில்தான் நிற்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு பிராணி, நீங்கள் எதிர்பாராத வகையில், உங்கள் விருப்பமின்றி ஏற்படுத்திய சேதத்தைத் தற்செயலானதல்ல என்றோ புறக்காரணமல்ல என்றோ சொல்வது கடினம். அதனால்தான் பல நிறுவனங்கள் எலிக்கடிக் கோரிக்கைகளை இந்தத் தலைப்பின் கீழேயே ஏற்றுக்கொள்கின்றன.

உங்கள் நிறுவனம் பிடித்துக்கொண்டிருப்பது வேறொரு வரி. தேய்மானம், இயந்திரப் பழுது, மின்பழுது ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று விலக்குப் பிரிவு சொல்கிறது. இதன் நோக்கம், வாகனத்துக்குள்ளேயே உருவாகும் கோளாறுகளைப் பராமரிப்புச் செலவாகக் கருதி ஒதுக்குவது. உங்கள் காரில் மின்னோட்டம் தடைப்பட்டது விளைவு. பற்கள் கம்பியை அறுத்ததே காரணம். காப்பீட்டுச் சட்டம் பார்ப்பது, சேதத்துக்கு நேரடியாக வழிவகுத்த அந்த அண்மைக் காரணத்தை. மேலும், விலக்குப் பிரிவு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்துக்கே உரியது. சொல்லில் இருபொருள் இருந்தால் பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்பதும் நிலைபெற்ற விதி. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் புஷ்பலாயா பிரிண்டர்ஸ் வழக்கில் (2004), புல்டோசர் கட்டடத்தில் மோதாமல் அதன் அதிர்வால் மட்டுமே ஏற்பட்ட சேதத்தையும் பாலிசியிலிருந்த 'மோதல்' என்ற சொல் உள்ளடக்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

ஆனால் இத்தகைய வழக்குகளில் வாதத்தைவிடக் காகிதமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒர்க்‌ஷாப்பின் ஜாப் கார்டில் 'வயரிங் ஃபெயிலியர்' என்று மெக்கானிக் அவசரத்தில் எழுதிவிட்டால், நிறுவனம் அதையே ஆதாரமாகக் காட்டும். கம்பியில் காணும் பல் தடங்கள், எச்சம், கூடு கட்டக் கொண்டுவந்த குப்பை ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, சேதத்துக்குக் காரணம் எலிக்கடி என்று ஒர்க்‌ஷாப்பிடம் எழுத்தில் பெறுங்கள். காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன் பழுதுபார்க்க விடாதீர்கள். மாற்றிய பிறகும் பழைய கம்பிகளைத் தூக்கி எறியாதீர்கள். மறுப்பு தொலைபேசியில் மட்டுமே சொல்லப்பட்டிருந்தால் கடிதமாகக் கேளுங்கள். மறுப்புக் கடிதத்தில் இல்லாத காரணத்தை நிறுவனம் பிற்பாடு வழக்கில் புதிதாக எழுப்ப முடியாது என்று 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

வெற்றி பெற்றாலும் 68,000 முழுவதும் கைக்கு வராது. பம்பர் டு பம்பர் எனப்படும் தேய்மானமில்லா கூடுதல் காப்பு உங்களிடம் இல்லையென்றால், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்தும் கழிப்பார்கள். வயரிங்கை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்பதைச் சர்வே அறிக்கையில் பாருங்கள். பாலிசிதாரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக, 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் போகும். அடுத்த புதுப்பித்தலில், கோரிக்கை வைக்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போய்விடும். சில ஆயிரம் ரூபாய்ச் சேதமாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் தொகைக்குப் போராடுவது தகும்.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துமூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்புட்ஸ்மேன்) அணுகலாம். அங்கே கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் தேவையில்லை (என் தொழிலுக்கு இது நல்ல செய்தி அல்ல என்றாலும்). அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மாற்று வழி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய பிரீமியத்தை வைத்தே அதிகார வரம்பும் கட்டணமும் கணக்கிடப்படுவதாலும், கார் பிரீமியம் சிறிய தொகை என்பதாலும், உங்கள் மனுவுக்குக் கட்டணம் இராது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் மனு நிலுவையில் இருக்க முடியாது. நான் முதலில் குறைதீர்ப்பாளரைத்தான் பரிந்துரைப்பேன்.

சங்கத்தின் மீதான கோரிக்கை பலவீனமானது. சாவி உங்கள் கையில், இடமும் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது. எனவே காரைச் சங்கத்தின் காவலில் ஒப்படைத்ததாகச் சொல்ல முடியாது. கார் சர்வீஸ் சென்டரில் இருந்தபோது கடிபட்டிருந்தால் நிலைமை வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 151ஆம் பிரிவின்படி அவர்கள் போதிய கவனம் எடுத்ததை அவர்களே காட்ட வேண்டியிருக்கும். இருப்பினும், குப்பை அகற்றுதல், வடிகால் மூடி, பூச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பராமரிப்புத் தொகை வாங்கிக்கொண்டு, புகார் வந்தும் சங்கம் அசையாமலிருந்தால் கவனக்குறைவு என்று வாதிடலாம். ஆகவே பதிவேட்டிலோ மின்னஞ்சலிலோ இன்றே புகார் செய்யுங்கள்.

வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கைகளை எடுக்கும் கடமை பாலிசிதாரருக்கு உண்டு என்பது பாலிசி நிபந்தனை. முதல் கடியில் அதை உங்கள் மீது சுமத்துவது எளிதல்ல. இரண்டாவது கடியில் எளிது. வயரிங்குக்கு எலி கடிக்காத உறை, என்ஜின் அடியில் கம்பி வலை, விரட்டும் ஸ்ப்ரே ஆகியவற்றை வாங்கிய பில்களைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். காருக்குள் தின்பண்டம் விடாதீர்கள். நெடுநாள் வெளியூர் சென்றால் இடையிடையே யாரையாவது வண்டியை எடுத்து ஓட்டச் சொல்லுங்கள். அசையாமல் நிற்கும் என்ஜின் பகுதியில்தான் எலி கூடு கட்டும்.

பொது இடத்தில் நீங்களாக விஷம் வைக்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. வேறு மருந்தானாலும், அதைத் தின்று ஒரு பூனையோ நாயோ இறந்து, அப்படி நேரும் என்று தெரிந்தே வைத்தீர்கள் என்று காட்டப்பட்டால், குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. கூண்டுப் பொறி வைக்கும்படியோ, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அமர்த்தும்படியோ சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் காப்பீட்டுக் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.