கரண்டிக் காம்பில் ஒரு ரப்பர் டியூப் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இனி அவரவர் பொருளை அவரவரே வடிவமைத்துக்கொள்வார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆசைப்பட்டு ஒரு 3டி பிரிண்டர் வாங்கினேன். முதல் மாதம் யாரோ வரைந்து வைத்ததை இறக்கி நாலைந்து பொம்மைகளும் ஒரு போன் ஸ்டாண்டும் செய்தேன். சொந்தமாக ஏதாவது வரையலாம் என்று உட்கார்ந்தால் காலித் திரைதான் தெரிகிறது, ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அதை மூடி வைத்துவிட்டேன். களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவர் கடையில் கிடைப்பதைத்தானே வாங்குவார்? வடிவமைப்பது, அது தெரிந்தவர்களின் வேலை இல்லையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் என் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். ‘வடிவமைப்பது’ என்ற சொல்லை யோசிக்காமல் போட்டுவிட்டேன். ஒரு நாற்காலியை முதல் கோட்டிலிருந்து வரைகிறவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான், சரி. ஆனால் மற்றவர்கள் எல்லாரும் கடையில் கிடைப்பதை அப்படியே வைத்துக்கொள்வார்கள் என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் அம்மாவுக்குக் கடைசி சில வருடங்கள் விரல் மூட்டுகளில் வாதம். மெல்லிய காம்புள்ள கரண்டியைப் பிடிக்க விரல் மடங்காது. ஒருநாள் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, காம்பில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பருமன் போதவில்லை என்று பிரித்து இன்னொரு சுற்று சேர்த்தார், அப்புறம் கட்டைவிரல் வழுக்குகிறது என்று அந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பட்டையை வைத்துக் கொஞ்சம் மேடாக்கினார். எங்கே வலிக்கிறது என்பது அவருக்கு மட்டும்தானே தெரியும். பல வருடம் கழித்துத்தான் சாம் ஃபார்பர் பற்றிப் படித்தேன். மூட்டுவாதம் இருந்த தன் மனைவி பெட்ஸி தோல் சீவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைப் பார்த்து, தடித்த ரப்பர் பிடி போட்ட சமையலறைச் சாமான்களை 1990-இல் ஆக்ஸோ என்ற பெயரில் கொண்டுவந்தவர் அவர். விரல் நன்றாக இருப்பவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். படித்தபோது எனக்கு அந்தக் கறுப்பு டியூப்தான் நினைவுக்கு வந்தது.

மலைச் சைக்கிளும் இப்படித்தான் வந்தது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை வாங்கி, மண்பாதையில் வேகமாக இறங்குவதற்குத் தோதாக பிரேக்கையும் கியரையும் மாற்றிப் போட்டு ஓட்டினார்கள். பெரிய கம்பெனிகள் பின்னால்தான் வந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1970-களிலிருந்தே இதைத்தான் ஆராய்ந்து சொல்லி வருகிறார்: பல துறைகளில் புதுமையை முதலில் செய்கிறவர் பொருளை விற்பவர் அல்ல, அதைப் பயன்படுத்துகிறவர்.

கம்பெனிகள் தரும் ‘உங்கள் விருப்பப்படி’ வசதிகளை வைத்து மக்களை எடைபோட வேண்டாம் என்று நினைக்கிறேன். நைக்கி 1999-இலேயே ஷூவின் நிறத்தை இணையத்தில் நாமே தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் சுண்டுவிரலைக் கடிக்கிற ஷூ எந்த நிறத்தில் இருந்தாலும் கடிக்கத்தான் செய்யும். அப்போது கூகுளின் கையில் இருந்த மோட்டோரோலா 2013-இல் வெளியே சொன்ன ஆரா போனில் ஒவ்வொரு பாகத்தையும் நாமே பொருத்திக்கொள்ளலாம் என்றார்கள், 2016-இல் கூகுள் அதைக் கைவிட்டுவிட்டது. போனைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் ஆசை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பேட்டரி போனால் நாமே கழற்றி மாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் இருக்கிறது.

காலித் திரை என்கிறீர்கள். 1979-இல் விசிகால்க் என்ற மென்பொருள் வந்ததிலிருந்து, எக்செல் மாதிரியான கணக்கு அட்டவணை மென்பொருள் திறந்தவுடன் காட்டுவதும் காலிக் கட்டங்களைத்தான். அதன் முன்னால் யாரும் திகைத்து நிற்பதில்லை. கடன் தவணைக் கணக்கோ, சரக்குக் கணக்கோ, ஏதோ ஒரு வேலையோடு வந்து உட்காருகிறார்கள், தங்களுக்கென்று ஒரு மென்பொருளையே கட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். தங்களைப் புரோகிராமர் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை.

என் கவலையெல்லாம் பொருள்களைப் பற்றித்தான். நல்ல தையல்காரர் சட்டையின் பக்கவாட்டில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டுத் தைப்பார், உடம்பு போட்டால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு வரும் பொருள்களில் அந்த உள்துணியே இல்லை. ஸ்க்ரூ இருந்த இடத்தில் பசை போட்டு ஒட்டி, திறந்தால் உடைகிற மாதிரி செய்து விற்றுவிட்டு, மக்களுக்கு எதையும் மாற்றிக்கொள்ள ஆர்வம் இல்லை என்று சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

பிரிண்டரை விற்றுவிடாதீர்கள். வரைய உட்காரவும் வேண்டாம். ஒரு வாரம் வீட்டில் யாருக்கு எது கையில் நிற்கவில்லை, எது திருகினால் வழுக்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். வயதானவர் இருந்தால் அவரிடமே கேளுங்கள். அப்புறம் அளவெடுத்து, ஏற்கெனவே யாரோ வரைந்து வைத்த ஒரு பிடியில் இரண்டு எண்களை மாற்றி அச்சடித்துப் பாருங்கள். முதல் தடவை அளவு சரியாக வராது. மூன்றாவதற்குள் வந்துவிடும். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள், யாருக்காகச் செய்தீர்கள் என்பதையும்.

அன்புடன்