இரண்டு திரைக்குத் தனிப் பெட்டி தேவையில்லை

கேள்வி: பாடக் குறிப்பு லேப்டாப்பில் எனக்கு மட்டும் தெரிய வேண்டும், ஸ்லைடு மட்டும் பெரிய திரையில் வர வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் கொடுத்தார். எல்லாத் திரையிலும் ஒரே படம்தான் வருகிறது. திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்.
- ஆசிரியை, பாலக்கோடு

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, டீச்சர். ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தைப் பல திரைக்குப் பிரித்து அனுப்பும். அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. ப்ரொஜெக்டர் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். விண்டோஸ் கீயோடு பி-யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ கொடுங்கள். பவர்பாயிண்டில் ஸ்லைடு ஷோ பக்கத்தில் ‘யூஸ் ப்ரெசென்டர் வியூ’வை டிக் செய்யுங்கள். குறிப்பும் அடுத்த ஸ்லைடும் உங்களுக்கு மட்டும் தெரியும். செலவே இல்லை.

இனி கடைக்காரர் தந்த பில். ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று அடியில் அச்சடித்திருப்பார்கள். அந்த வரியைக் காட்டி எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். பில்லே தராமல் விற்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். மசியவில்லை என்றால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டு அவகாசம் உண்டு. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கூட்டத்தில் என் குறிப்பெல்லாம் பெரிய திரையில் வந்துவிட்டது. வேறு கேபிள் வாங்கவா?
- கிருஷ்ணகிரி

பதில்: வேண்டாம். ப்ரெசென்டர் வியூவில் ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ போய் ‘ஸ்வாப்’ கொடுங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் சி-டைப் போர்ட் மட்டும்தான். மூன்று அடாப்டர் வாங்கிவிட்டேன், படம் வரவில்லை.
- ஓசூர்

பதில்: முதல் அடாப்டர் வேலை செய்யாதபோதே லேப்டாப்பின் விவரத்தைப் பார்த்திருக்க வேண்டாமா? எல்லா சி-டைப் போர்ட்டும் படம் அனுப்பாது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ அல்லது ‘தண்டர்போல்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். நான்காவதை வாங்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘9000 லூமென்’ ப்ரொஜெக்டர் 6,000 ரூபாய். பகல் கூட்டத்துக்கு ஆகுமா?
- அரூர்

பதில்: ஆகாது. இப்படி ஒன்றை வாங்கி நானும் பணத்தை இழந்திருக்கிறேன். ஜன்னலை எல்லாம் அடைத்தால்தான் படம் தெரிந்தது. ஓரத்து எழுத்துகள் கலங்கியே இருந்தன. ‘ஆன்சி லூமென்’, அதாவது தர முறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கேளுங்கள். ‘1080பி சப்போர்ட்’ என்றால் அந்த வீடியோவை ஏற்கும், அவ்வளவுதான். ‘நேட்டிவ்’, அதாவது ப்ரொஜெக்டர் உண்மையில் காட்டும் படத் தெளிவு, எத்தனை என்பதே கணக்கு. இந்த இரண்டும் எழுதியிருக்காத பெட்டிக்குப் பணம் கட்டாதீர்கள்.