அம்மாவுக்கு ஈஎஸ்ஆர் 52, சிஆர்பி 4. இதில் எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நீங்கள் கனடாவில், அம்மா யாழ்ப்பாணத்தில். அம்மாவுக்கு 68 வயது, கொஞ்ச நாளாக முழங்கால் நோ, களைப்பு. லாப் ரிப்போர்ட்டை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்று இரண்டு இரத்தப் பரிசோதனைகள், இரண்டுமே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பவை. ஈஎஸ்ஆர் 52, தடித்த எழுத்தில். சிஆர்பி 4, நோர்மல். ஹீமோகுளோபின் 9.8. எதை நம்புவது, உடனே டிக்கெட் போட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இந்த எண்களுக்காக மட்டும் டிக்கெட் போடத் தேவையில்லை. இரண்டுமே சரியான எண்களாக இருக்கலாம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு லாப்பில் வேலை செய்பவன், டொக்டர் இல்லை. என்ன வருத்தம் என்று சொல்ல என்னால் ஏலாது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லலாம். அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஈஎஸ்ஆர் பார்க்க எங்களுக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். இரத்தத்தைச் சோடியம் சிற்றேற்றுடன் கலந்து, 200 மில்லிமீற்றர் வரை கோடு போட்ட மெல்லிய குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் காத்திருப்போம். செங்குழியங்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா தெளியும். எத்தனை மில்லிமீற்றர் தெளிந்திருக்கிறதோ அதுதான் ஈஎஸ்ஆர். 1921இல் சுவீடன் நாட்டு டொக்டர் வெஸ்டர்கிரென் எழுதிவைத்த முறை, இன்னும் அதேதான். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் இரத்தத்தில் பைபிரினோஜன் போன்ற புரதங்கள் கூடும். அப்போது செங்குழியங்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், பாரம் கூடி வேகமாக இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், அவை வேகமாக இறங்க வேறு காரணங்களும் உண்டு. வயது போகப் போக ஈஎஸ்ஆர் கூடும். பெண்களுக்கு வயதோடு 10ஐக் கூட்டி இரண்டால் பிரித்தால் வருவது ஏறக்குறைய மேல் எல்லை, ஆண்களுக்கு வயதின் பாதி. உங்கள் அம்மாவுக்கு அந்தக் கணக்கில் 39 வரும். ஆனால் பல ரிப்போர்ட்டுகளில் எல்லா வயதுப் பெண்களுக்கும் 20 என்றே அச்சடித்திருப்பார்கள், அதனால்தான் 52 அவ்வளவு பயங்கரமாகத் தெரிகிறது. அடுத்தது இரத்தச்சோகை. 9.8 என்றால் சோகை இருக்கிறது, செங்குழியங்கள் குறைந்த இரத்தத்தில் அவை இன்னும் சுலபமாக இறங்கும். கர்ப்பம், சிறுநீரக வருத்தம், உடல் பருமன் எல்லாமே இந்த எண்ணை ஏற்றும். அதோடு எங்கள் பக்கத் தவறுகளும் உண்டு. குழாய் 3 பாகை சரிந்து நின்றாலே எண் கணிசமாக ஏறும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் வைத்தாலும் ஏறும்.

சிஆர்பி வேறு சாதி. அது கல்லீரல் செய்யும் ஒரு புரதம், நேரடியாக அளக்கிறோம். 1930இல் நியூமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். தொற்றோ காயமோ வந்தால் சில மணித்தியாலங்களில் ஏறத் தொடங்கும், இரண்டு நாளளவில் உச்சத்துக்குப் போகும், காரணம் தீர்ந்ததும் ஏறக்குறைய 19 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாதியாகும். ஈஎஸ்ஆர் அப்படியில்லை, ஏறவும் நாளெடுக்கும், இறங்க வாரக்கணக்காகும். போன மாதம் வந்துபோன சளிக்காய்ச்சலின் மிச்சம்கூட ஈஎஸ்ஆரில் நிற்கலாம், அந்த நேரம் சிஆர்பி ஒன்றும் தெரியாததுபோல 4இல் இருக்கும்.

ஆனால் அந்த 4க்குப் பக்கத்தில் என்ன அலகு என்று தயவுசெய்து பாருங்கள். லீற்றருக்கு மில்லிகிராம் என்றால் நோர்மல், பெரும்பாலான லாப்களில் 5 அல்லது 10 வரை விடுவார்கள். டெசிலீற்றருக்கு என்றால் அதே 4, லீற்றர் கணக்கில் 40, அது நோர்மல் இல்லை. ஒரு லாப்பில் 0.6, இன்னொன்றில் 6 என்று வந்ததும் 'பத்து மடங்கு ஏறிவிட்டது' என்று பதறி வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டும் ஒரே அளவுதான். ஹைசென்சிட்டிவ் சிஆர்பி என்று ஒன்றும் இருக்கிறது. அது இதய ஆபத்தைக் கணிக்கப் பார்ப்பது, அதில் 3க்கு மேலே போனாலே கூட என்பார்கள். அந்த அளவுகோலை இதற்குப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

மாரி காலத்தில் இங்கே காய்ச்சல் வந்தால் சனம் முதலில் கேட்பது சிஆர்பியைத்தான். 100ஐத் தாண்டினால் பெரும்பாலும் பக்டீரியாத் தொற்று. ஆனால் டெங்கா இல்லையா என்று அது சொல்லாது. அதற்கு ஃபுல் பிளட் கவுண்டில் பிளேட்லெட்டையும் பிசிவியையும் (இரத்தத்தில் செங்குழியங்கள் எத்தனை வீதம் என்ற கணக்கு) திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவிய பிறகு, வயலில் இறங்கியவர்களுக்குக் காய்ச்சல் என்றால் சிஆர்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறோம்.

சரி, உங்கள் அம்மாவிடம் வருவோம். சிஆர்பி சரியாக இருந்து ஈஎஸ்ஆர் மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் வயது, சோகை, அல்லது பழைய தொற்று. அதனால் முதலில் சோகைக்குக் காரணம் தேடட்டும், இரும்புச்சத்துப் பார்க்கட்டும். முழங்கால் தேய்மானம் என்றால் இரண்டு எண்ணும் சாதாரணமாகவே இருக்கும். காலையில் கை விரல் மூட்டுகள் வீங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்துப்போய் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வாத வருத்தமா என்று பார்க்க வேண்டும், சிஆர்பி நோர்மல் என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. நாரி நோ, எலும்பு நோ, மெலிவு இவற்றோடு சோகையும் இருந்தால் டொக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், மைலோமா போன்ற இரத்தப் புற்றுநோயில் இப்படி ஈஎஸ்ஆர் மட்டும் ஏறுவதுண்டு, அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. காத்திருக்கக் கூடாத ஒன்றும் உண்டு: புதிதாக வந்த தலையிடி, மெல்லும்போது தாடை நோ, கண் மங்கல். அம்மாவின் வயதில் ஈஎஸ்ஆர் ஏறி இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மூட்டு நோவுக்கென்று ஃபார்மசியில் பெயர் தெரியாத குளிசை வாங்கிப் போடுகிறாரா என்றும் விசாரியுங்கள். அதில் ஸ்டெரொய்ட் இருந்தால் இந்த எண்கள் இறங்கிக் காட்டும், வருத்தம் அப்படியே இருக்கும். உறையோடு டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

டொக்டர் திரும்பப் பார்க்கச் சொன்னால் அதே லாப்பில், சில வாரம் விட்டு, இரண்டையும் ஃபுல் பிளட் கவுண்டோடு சேர்த்துச் செய்யட்டும். சீனி, கொலஸ்ட்ரோல் சேர்த்து எழுதாத வரைக்கும் வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. அம்மா தேத்தண்ணி குடித்து, சாப்பிட்டுவிட்டே வரலாம்.