அவளை ஏன் இளவரசியாக்கினீர்கள்?

கேள்வி: ஊரில் யாரோடும் ஒட்டாத ஒரு பெண், மலைக்குள் மறைந்திருக்கும் எல்ஃப்களின் (ஐரோப்பியக் கதைகளில் வரும் மாய மக்கள்) நாட்டுக்குப் போய், தனக்கென்று ஓர் இடத்தையும் காதலையும் அடைவதுதான் என் நாவல். மொத்தம் 40 அத்தியாயம். எட்டாவது அத்தியாயம்வரை விறுவிறுப்பாக இருக்கிறது, அதற்குமேல் ஓடவில்லை என்கிறார்கள் படித்தவர்கள். ஒரு போரைச் சேர்த்தால் சரியாகுமா? 4 பக்கச் சுருக்கம் இணைத்திருக்கிறேன். (ஒரு வாசகி)

பதில்: போர் வேண்டாம். ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்.

உங்கள் நாயகிக்குக் கேட்டவுடன் பதில் வராது. வார்த்தையைப் பொறுக்கி எடுத்துத்தான் பேசுவாள். ஊர் அவளை மந்தம் என்கிறது. ஒரு நாவலையே தாங்கக்கூடிய குணம் இது. ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் எல்ஃப் அரசனின் தொலைந்துபோன மகள் என்று தெரியவருகிறது. அந்த நிமிடமே அந்தக் குணத்துக்கு வேலை போய்விட்டது. ஊரோடு ஒட்டாததற்கும் ரத்தம்தான் காரணம், அங்கே ஒட்டியதற்கும் ரத்தம்தான் காரணம் என்றால், அவள் செய்ய என்ன மிச்சம்? மீதி 31 அத்தியாயமும் அவளுக்கு உபசாரம் நடக்கிறது. கதை ஓடாததற்குக் காரணம் இதுதான். அதைவிட எனக்கு வருத்தம், நிஜமாகவே ஊரோடு ஒட்டாமல் இருக்கும் ஒருவர் இதைப் படிப்பார் என்பது. அவருக்கு அரசன் அப்பா இல்லையே.

அவளை வேற்றாளாகவே உள்ளே அனுப்புங்கள். பழைய கதைகள் அப்படித்தான் செய்தன. ஐஸ்லாந்திலும் பிரிட்டனிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதையில், மறைந்து வாழும் மாய மக்களுக்குப் பிரசவம் கடினமாகும்போது மனுஷியைக் கூப்பிட்டு அழைத்துப் போகிறார்கள். அவர்களால் முடியாத ஒன்று அவள் கையில் இருக்கிறது. உங்கள் எல்ஃப்களுக்கு அவளிடம் என்ன தேவை? சுருக்கத்தில் அதற்கு விடை இல்லை.

விடை அவள் நாக்கிலேயே இருக்கிறது. அந்த நாட்டுக்கு ஒரே ஒரு விதி வையுங்கள்: கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. கோபத்தில் சொன்னாலும், தூக்கத்தில் சொன்னாலும் நடந்தே தீரவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பட்டென்று பேசுகிறவர்கள்தான் அழிவார்கள். ஊரில் மந்தம் என்று பெயர் வாங்கியவள் அங்கே வழக்குத் தீர்க்க வேண்டியவள் ஆகிறாள். நீங்கள் 5 பக்கம் வர்ணித்திருக்கும் வாசல் காட்சியை இவ்வளவுக்குள் கொண்டுவரலாம்:

"உள்ளே வந்தால் எனக்கு என்ன தருவாய்?" என்றான் காவலன்.
அவள் பதில் சொல்லவில்லை. அருவிச் சாரலில் அவன் தோள் முழுக்க நனைந்துவிட்டது.
"இன்னும் யோசிக்கிறாயா?"
"ஆமாம்."
அவன் ஈட்டியைத் தாழ்த்தினான். முந்நூறு வருஷத்தில் யாரும் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்று யோசித்ததில்லை.

ஆனால் குணம் அங்கே போனதும் வெறும் வரமாகிவிட்டால் மறுபடியும் இளவரசிக் கதைதான். ஒரு முறையாவது அது அவளைக் கவிழ்க்க வேண்டும். உடனே "நில்" என்று கத்தவேண்டிய இடத்தில் அவளுக்குச் சொல் வராமல், யாருக்காவது அடிபட வேண்டும். தாமஸ் என்ற பாணனைப் பற்றிய ஸ்காட்லாந்துக் கதைப்பாடலைப் பாருங்கள். எல்ஃப் நாட்டு ராணி அவனைக் கூட்டிப்போகும்போதே, அங்கே ஒரு வார்த்தை பேசினால் ஊர் திரும்ப முடியாது என்கிறாள். அவன் ஊர் திரும்ப 7 ஆண்டாகிறது. கூலியாகக் கிடைப்பது பொய் சொல்லவே தெரியாத நாக்கு. இதை வைத்துக்கொண்டு நான் எப்படி வாங்குவேன், விற்பேன் என்று முறையிடுகிறான் அவன். வரமும் சுமையும் ஒரே பொருளாக இருக்கிறது, பாருங்கள்.

அடுத்து காதல். 600 வயதுக்காரன் 19 வயதுப் பெண்ணைக் காப்பாற்றுகிறான், அவள் மயங்குகிறாள். 12ஆம் அத்தியாயத்துக்குள் நான்கு தடவை காப்பாற்றிவிட்டான். ஒன்றுகூட வேண்டாம். மாய நாட்டு ராணியிடம் சிக்கிய டாம் லின் என்பவனைப் பற்றிய ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில் அவனைக் காப்பாற்றுகிறவள் ஜேனட் என்ற பெண். அவள் பிடியில் அவன் பாம்பாகிறான், சிங்கமாகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான், அவள் கையை விடவில்லை. உங்களுடையவன் அழகாக இருக்கிறான், வேறெதுவும் செய்வதில்லை. அவள் பதில் வரும்வரை காத்திருக்கத் தெரிந்த முதல் ஆளாக அவனை எழுதுங்கள். அவன் கேள்வி கேட்பது ஒரு அத்தியாயத்தில், அவள் பதில் மூன்று அத்தியாயம் தள்ளி. நடுவில் அவன் நினைவூட்டவே கூடாது. காதல் என்ற சொல்லை நீங்கள் எழுதாமலே வாசகருக்குப் புரிந்துவிடும்.

எல்ஃப்கள் ஏன் மறைந்து வாழ்கிறார்கள் என்பதற்கும் 'மனிதரின் பேராசை' என்ற ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். ஐஸ்லாந்தில் ஒரு காரணம் சொல்வார்கள். கடவுள் வந்தபோது ஏவாள் தன் பிள்ளைகளில் குளிப்பாட்டாதவர்களை வெட்கப்பட்டு ஒளித்து வைத்தாள். இவ்வளவுதானா பிள்ளைகள் என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். என்னிடம் மறைத்தவர்கள் மனிதர் கண்ணுக்கும் மறைந்தே இருக்கட்டும் என்றாராம் கடவுள். ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளைகளின் வழி வந்தவர்கள் அவர்கள். அதை அப்படியே எடுத்தாள வேண்டாம். ஆனால் ஒதுக்கப்பட்டவள் போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு பழைய காயம் இருக்கட்டும்.

பெயர்கள்: எலாரியன், எலோரியன், எலாந்திரன் என்று மூவர். வாசகர் முதல் எழுத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார், மூன்றையும் வேறு வேறு எழுத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு பெயரோடும் ஐ, ஆல், கு, இன் சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'க்வெல்த்ஸ்' என்ற பெயர் 'க்வெல்த்ஸுக்கு' ஆகும்போது நாக்கு மடங்குகிறது. அதை மாற்றுங்கள். எல்ஃப்கள் பேசும் மேடைத் தமிழும் வேண்டாம். "பன்னெடுங்காலம் முன்னர்" என்பதைவிட "அந்த ஓக் மரம் கன்றாக இருந்தபோது" என்றால் பேசுகிறவரின் வயது தெரியும்.

கடைசியாக ஒரு கணக்கு. அங்கே ஒரு நாள், இங்கே ஓர் ஆண்டு என்கிறீர்கள். முதல் அத்தியாயத்தில் அம்மாவுக்கு 48 வயது. 12ஆம் அத்தியாயத்திலேயே அவள் அங்கே 40 நாள் கழித்துவிட்டாள், அம்மாவுக்கு 88 ஆகிவிட்டது. 31ஆம் அத்தியாயத்தில் அதே அம்மா வாசலில் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். விகிதத்தைத் திருத்திச் சமாளிக்காதீர்கள். 35ஆம் நாளில் அவளுக்கே இந்தக் கணக்கு உறைக்கட்டும். கதவு திறந்திருக்கட்டும், போகாதே என்று யாரும் தடுக்க வேண்டாம். அவன் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லியிருக்கக் கூடாது. அந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.